'தகவமைப்பு மேலாண்மை' சரியா? கேரளத்து அட்டப்பாடியின் அகளியிலிருந்து ஒரு மறுப்பு

ஐயா, வணக்கம்.

'adaptive management' என்பதற்குத் தமிழாகத் தாங்கள் முன்வைத்த 'தகவமைப்பு மேலாண்மை' எனக்கு ஒட்டவில்லை. பாலையில் கள்ளி தன் இலையை முள்ளாக்கிக்கொள்கிறதே, அது தகவமைப்பு. வந்ததற்கு இசைந்துபோவது. நாம் பெயர் தேடுவதோ வேண்டுமென்றே ஒன்றைச் செய்து, அளந்து, அடுத்த முறை மாற்றிச் செய்வதற்கு.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கரையோர மணல்திட்டுகளை மீட்க, 1996-இல் கிளென் கேன்யன் அணையைத் திறந்து ஏழு நாள் செயற்கை வெள்ளம் விட்டார்கள். கீழே மணல்திட்டுகள் எழுந்தன, பிறகு கரைந்தன. ஆற்றடியில் நினைத்த அளவு மணல் இருப்பு இல்லை என்பது அளந்தபோது தெரிந்தது. 2004-இல் பரீயா என்ற துணையாறு மணல் கொண்டுவந்து சேர்க்கும்வரை காத்திருந்து திறந்தார்கள். நடுவண் அரசுத் துறைகள், ஏழு மாநிலங்கள், பழங்குடி அரசுகள், அணை மின்சாரத்தை வாங்குவோர் எல்லோரும் ஒரே குழுவில் இருந்து பேசும் ஏற்பாடு அங்கே உண்டு. ஜப்பான் கடனில் எங்கள் அட்டப்பாடித் தரிசுநில மீட்புத் திட்டத்துக்கு ஒப்பந்தமானதும் அதே 1996-தான்.

எங்கள் ஊருக்கு மேலே ஓடையில் கல் தடுப்பு ஒன்று கட்டினார்கள். தலைமட்டம் ஒரே சீர், பார்க்க அழகு. முதல் மழையிலேயே தண்ணீர் ஓரக்கரையை அரித்துச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. மறு ஆண்டு நடுவில் இரண்டு சாண் தாழ்த்தி, இரு முனைகளையும் கரைக்குள் ஆழப் புதைத்தார்கள். இன்றும் நிற்கிறது. ஆகவே என் சொல்: 'கண்டுதிருத்து மேலாண்மை'. ஊறுகாய் போல வினைத்தொகை.

('watershed'-ஐ நீர்வடிப்பகுதி என்று தமிழ்நாட்டு அரசு எழுதுவதை இங்கே மலையாளத்தில் 'நீர்த்தடம்' என்கிறார்கள். தடம் என்றால் குளம் என்ற பழம்பொருள் நம்மிடமும் உண்டு. வடிவதைவிடத் தங்குவதைச் சொல்லும் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. அதைத் தனி மடலில் பேசுவோம்.)

*

தம்பி,

கள்ளியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'திருத்து' என்றதும் முன்பு பிழை நடந்தது என்றாகிவிடுகிறது. எந்த அதிகாரி தன் திட்ட அறிக்கைக்கு அப்படித் தலைப்பு வைப்பார்? வெல்லப்பாகு காய்ச்சுகிறவர் துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பது பிழை நேர்ந்ததாலா? பதம் பார்க்கிறார். 'பதமறி மேலாண்மை' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

ஐயா,

பதமறி இனிக்கிறது. ஆனால் பாகு பதத்துக்கு வந்தால் இறக்கிவிடலாம்; ஓடையை எந்த ஆண்டு இறக்குவது? அதிகாரியின் கூச்சத்துக்காகச் சொல்லை மாற்றவும் மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் இருக்கிறது. இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன். பெரியவர்கள் வாயில் எது நிற்கிறது என்று திங்களன்று எழுதுகிறேன்.