எழுத்துக்கு முன்னால் கோடு: மலைப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பியவர்களின் அனுபவம்

பண்ணைக்காட்டு அம்மா

கொடைக்கானல் மலையில் பெருமாள்மலைப் பக்கம் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் என் மகன் இப்போது மூன்றாவது படிக்கிறான். மொத்தமே அறுபது பிள்ளைகளுக்குள்தான் இருப்பார்கள். அங்கே சேர்க்கலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள். நல்லதை மட்டும் எழுத வேண்டாம், மனசு கஷ்டப்பட்டதையும் எழுதுங்கள்.

ஒன்றாம் வகுப்பின் முதல் நாள். டீச்சர் கரும்பலகையில் ஒரு நேர்கோடு போட்டார், பக்கத்தில் ஒரு வளைவு போட்டார். அன்றைய பாடம் அவ்வளவுதான். பிள்ளைகள் அந்தக் கோட்டைக் காற்றில் போட்டார்கள், முற்றத்தில் நடந்து போட்டார்கள், மணலில் காலால் இழுத்தார்கள், கடைசியில்தான் காகிதத்துக்கு வந்தார்கள். சாயங்காலம் மாமியார் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு கோடு போடவா பிள்ளையை இவ்வளவு தூரம் பஸ் ஏத்தி அனுப்புற?" என்றார். என்னிடம் பதில் இல்லை. எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

ஆகஸ்ட் வந்தது. 'அ' வரவில்லை. என் அண்ணன் மகள், இவனைவிட ஒரு வயது சின்னவள், வீட்டுக்கு வந்தபோது பிஸ்கட் பாக்கெட்டில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் நேராகப் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

"டீச்சர், இவன் வயசுப் பிள்ளைங்க எல்லாம் பேப்பர் படிக்குது. இவன் இன்னும் கோடுதான் போட்டுட்டு இருக்கான்."

அவர் விவாதம் பண்ணவில்லை. "வாசல்ல கோலம் போடுவீங்களாம்மா?" என்றார். போடுவேன் என்றேன். "சிக்குக் கோலம்?" அதுவும் வரும் என்றேன். ஒரு சாக்பீஸைக் கையில் கொடுத்து, வராந்தாவில் ஒன்று போடச் சொன்னார். ஐந்து புள்ளி, ஐந்து வரிசை வைத்துக் கையெடுக்காமல் போட்டு முடித்தேன். "இதை யாரு எழுதிக்காட்டிப் படிச்சீங்க?" என்று கேட்டார். யாரும் எழுதிக்காட்டவில்லை. மார்கழி மாதம் முழுக்க அம்மா முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பிறகுதான் மகனுடைய நோட்டை எடுத்து வைத்தார். ஜூனில் போட்ட வளைவு நடுங்கியது, பாதியில் நின்றது. ஆகஸ்டில் அதே வளைவு அலை மாதிரி ஒரு பக்கம் முழுக்க நிற்காமல் ஓடியது. தேன்மெழுகுக் கட்டியால் போட்டது. அழுத்தமும் சீராக இருந்தது. "இந்தச் சுழிப்பு கைக்கு வந்துட்டா மூணு சுழி 'ண' அவனுக்குப் பாரமா இருக்காது" என்றார். அன்றைக்கே நான் முழுசாக நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் நோட்டில் எழுத்தைத் தேடுவதை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டாம் வகுப்பு பாதியில், பெருமாள்மலை முக்கில் நின்றுகொண்டு, பஸ் போர்டைப் பார்த்து "வத்தலக்குண்டு" என்று தானாக வாசித்தான். முழு வார்த்தையாக அவன் வாசித்தது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அப்போது ஏழரை வயது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே ஓவியம் ஈரக் காகிதத்தில்தான். காகிதத்தை நனைத்துப் பலகையில் ஒட்டவைத்துச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் ஓடவிடுவார்கள். பச்சை எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தருவதில்லை, அது வரும்போது பிள்ளைகளே கூச்சல் போடுவார்கள். சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில்தான். நம்ம மலையில் அந்த மழையிலும் மூடுபனியிலும் துணியே காயாது, காகிதம் எங்கே காயும்? வராந்தாக் கொடியில் மூன்று நாள் தொங்கிப் பூஞ்சை பிடித்துவிட்டது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துப் பத்தாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் விறகடுப்பு. அடுப்புக்கு மேலே மிளகு காயவைக்கிற பரணில் அடுக்கினேன். மறுநாள் திருப்பிக் கொடுத்தால், பிள்ளைகள் காகிதத்தை மோந்து பார்த்து, "இது உங்க வீட்டுப் புகை" என்று சொல்கிறார்கள். யூகலிப்டஸ் எரிக்கிற வீடு ஒரு வாசனை, காப்பிச்செடி விறகு எரிக்கிற வீடு ஒரு வாசனை. யார் வீட்டில் எது காய்ந்தது என்று அறுபது பிள்ளைகளுக்கும் தெரியும்.

வத்தலக்குண்டு, ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்

அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். காகிதத்தைக் கொடியில் தொங்கவிட்டதைப் படித்ததும் எனக்கு எங்கள் கம்பிப் பந்தல் ஞாபகம் வந்துவிட்டது. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கிற செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஆந்திராவில் இருக்கிற ரிஷிவேலிப் பள்ளி தன்னைச் சுற்றியுள்ள கிராமங்களுக்காக உருவாக்கிய பாட அட்டைகளும், பிள்ளை எந்த அட்டை வரை முடித்திருக்கிறான் என்று படிப்படியாகக் காட்டும் ஏணிப்படியும்தான் அதற்கு வேர். வகுப்பறையில் தலைக்கு மேலே கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடுவோம். சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம், அதில் அவன் பெயர். பெஞ்சை வெளியே போட்டுவிட்டு நானும் பாயில் உட்கார்ந்தேன். அதுவரை இருபது வருடம் பிள்ளைகளின் தலையை மேலிருந்து பார்த்தவன், அன்றுதான் முகத்தை நேரே பார்த்தேன்.

பிள்ளையை நடுவில் வைக்கிற கல்வி பணம் கட்டிப் படிப்பவர்களுக்கு மட்டும் உரியதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நம் அரசுப் பள்ளியிலேயே அது நடந்தது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்த்த இடங்களில் திணறியது, அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வர மாதக்கணக்கானது. ஆனாலும் "சார், நான் எந்தப் படியில இருக்கேன் தெரியுமா?" என்று பிள்ளை தானாக வந்து சொன்ன காலம் அது.

கொடைக்கானல்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. குழந்தைகள் தாங்களே செய்து கற்கும் மாண்டிசோரி முறையை உருவாக்கிய இத்தாலிய அம்மா மரியா மாண்டிசோரி 1939இல் பயிற்சி வகுப்பு நடத்த அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராக இறங்கியதும், இத்தாலியர் என்பதால் 1940இல் அவர் மகன் மரியோவைக் காவலில் வைத்தார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 31, அந்த அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மகனைத் திருப்பி அனுப்பினார்கள். 1942 முதல் 1944 வரை இருவரும் இருந்தது நம் கொடைக்கானலில்தான். அதுவரை சின்னக் குழந்தைகளுக்கென்று அறியப்பட்ட முறை, ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக விரிந்தது இங்கே இருந்த நாட்களில். பலவயதுப் பிள்ளைகளோடு செடி கொடி, பூச்சி, மண் என்று மலையையே பாடமாக்கினார்கள். மண்ணும் மழையும் உயிரும் மனிதரும் ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்று முதலில் காட்டு, விவரம் பிறகு வரும் என்பது அதன் அடிப்படை. உங்கள் பள்ளி வேறு மரபில் வந்தது என்று நினைக்கிறேன். இருந்தாலும் இந்த மலைக்கு இது புதுசில்லை.

சமையல் வேலை பார்த்த அக்கா (மகள் போனிலிருந்து)

நான் அந்த ஸ்கூலில் ஆறு வருசம் சமைத்தேன். சாதம் வேகிற நேரத்தில் சும்மா இருக்க மாட்டேன், ஸ்வெட்டர் பின்னுவேன். ஒருநாள் பெரிய டீச்சர் பார்த்துவிட்டு, "அக்கா, ஒண்ணாப்புக்குப் பின்னல் நீங்க எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். எட்டாவது தாண்டாதவள் நான். பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க என்று கூச்சமாக இருந்தது. போனேன்.

ஊசி கடையில் வாங்கவில்லை. மூங்கில் குச்சியைப் பிள்ளைகளே உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து மழுக்கினார்கள், அதற்கே ஒரு வாரம் ஆனது. அப்புறம் எண்ணெய் தடவினோம். ஒரு பையன் இடதுகைக்காரன். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் அவனுக்கு எல்லாம் தலைகீழாகப் போகும். கண்ணீர் விட்டுவிட்டான். எனக்கும் தெரியவில்லை. ராத்திரி முழுக்க யோசித்து, மறுநாள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்தேன், கண்ணாடி மாதிரி. என் வலது கை செய்வதை அவன் இடது கை செய்தது. அரைமணி நேரத்தில் ஒரு வரிசை முடித்தான். பின்னலில் ஒரு கண்ணி நழுவினால் அவனே எண்ணிக் கண்டுபிடிப்பான், இருபதில் ஒன்று குறையுது அக்கா என்று சொல்வான். கணக்கு டீச்சர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அங்கே என்னை ஆயா என்று யாரும் கூப்பிடவில்லை. கார்த்திகைக்குப் பிள்ளைகள் செய்த காகித விளக்கை ஏந்திக்கொண்டு இருட்டில் பாட்டுப் பாடிச் சுற்றி வருவார்கள். முன்னால் நடக்க ஒவ்வொரு வருசமும் ஒருவரைக் கூப்பிடுவார்கள். ஒரு வருசம் என்னைக் கூப்பிட்டார்கள்.

கொடைக்கானல், டாக்ஸி ஓட்டும் அப்பா

எல்லோரும் நல்லதை எழுதிவிட்டீர்கள். மனசு கஷ்டப்பட்டதையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என் மகன் ஐந்தாவது வரை அங்கே படித்தான்.

சேர்க்கும்போது ஒரு கூட்டம் வைத்தார்கள். இந்த மாதிரிப் பள்ளிக்கு வால்டார்ஃப் பள்ளி என்று பெயர், அதில் முதலாவது 1919இல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் ஊரில், ஒரு சிகரெட் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டெய்னர் என்பவர் தொடங்கியது என்று சொன்னார்கள். நானும் கூலிக்கு உழைக்கிறவன்தான், நம்ம மாதிரி ஆட்களுக்கான இடம் என்று நம்பிச் சேர்த்தேன். ஆனால் பெற்றோர் வேலை எல்லாம் சனிக்கிழமை. தோட்டம் கொத்துவது, சுவருக்கு மண் பூசுவது, கூட்டம், எல்லாம் சனிக்கிழமை. கொடைக்கானலில் டாக்ஸிக்காரனுக்குச் சனி ஞாயிறுதான் சோறு. சீசனில் ஒரு சனிக்கிழமை விட்டால் வண்டித் தவணை நிற்கும். நான் வராததை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிட்டார்கள், நான் வெளியிலேயே நின்றேன். மகனும் அதைக் கவனித்தான்.

வருசக் கடைசியில் மார்க் கிடையாது. டீச்சர் கைப்பட இரண்டு பக்கக் கடிதம், கூடவே அவனுக்காக எழுதிய ஒரு பாட்டு. அந்தப் பாட்டு அழகாகத்தான் இருந்தது, இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். ஆனால் ஆறாவதுக்கு, மலைக்குக் கீழே ஒரு டவுன் ஸ்கூலில் சேர்த்தபோது, முதல் மாதத் தேர்வில் கணக்கில் பதினொரு மார்க். அங்கே அவனை நிற்கவைத்து, "அஞ்சு வருசம் என்னடா பண்ணின?" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் அதே கேள்வியைக் கேட்டான். வாய்ப்பாடு தெரியாமலில்லை, கையைத் தட்டிக்கொண்டே நடந்தால் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை சொல்வான். உட்கார்ந்து மணி அடிப்பதற்குள் எழுதுவதுதான் அவனுக்குப் பழக்கமில்லை. அது சரியாவதற்கு ஒரு வருடத்துக்குமேல் ஆனது.

பள்ளி மோசம் என்று சொல்லவில்லை. நாலாவதிலேயே என்னை உட்காரவைத்து, "அண்ணே, வேற ஸ்கூலுக்குப் போனா இது இது இடிக்கும், இப்பவே பழக்கிடலாம்" என்று சொல்லியிருக்கலாம். அதுதான் என் வருத்தம்.

பண்ணைக்காட்டு அம்மா

அண்ணா, நீங்கள் எழுதியது நியாயம். சனிக்கிழமை வேலையைப் பற்றி எனக்கு இதுவரை தோன்றவே இல்லை, எங்களுக்குத் தோட்ட வேலை என்பதால் நாளை மாற்றிக்கொள்ள முடிகிறது. அடுத்த கூட்டத்தில் இதை நான் பேசுகிறேன். ஒரு செவ்வாயோ புதனோ வைத்தால் டாக்ஸிக்காரர்கள், லாட்ஜில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வர முடியும். வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வருடம் முன்னாலேயே எழுத்துத் தேர்வைப் பழக்குவதைப் பற்றியும் கேட்கிறேன். சார் சொன்ன ஏணிப்படி மாதிரி ஒன்று இருந்தால், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான் என்று நம்மைப் போன்றவர்களுக்கும் புரியும்.

இன்னொரு விஷயம். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பரணில் தேடினேன். உங்கள் மகன் ஐந்தாவது படித்த வருசம் மழையில் எங்கள் வீட்டுக்குக் காயவைக்க வந்த காகிதக் கட்டுக்குள் ஒரு காகிதம் திருப்பிக் கொடுக்காமல் விட்டுப்போயிருக்கிறது. பின்பக்கம் அவன் பெயர் இருக்கிறது. மூடுபனிக்குள் மஞ்சள் விளக்கோடு ஒரு வண்டி. ஓரம் கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, மிளகு வாசனை இன்னும் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பெருமாள்மலை வருவேன். நீங்கள் அந்தப் பக்கம் சவாரி வந்தால் முக்கில் இருக்கிற டீக்கடையில் கொடுத்து வைக்கிறேன்.