மார்பக இம்ப்ளான்ட் மாற்று அறுவைக்குப் பிறகு ஓட்டத்துக்கும் சிலம்பத்துக்கும் எப்போது திரும்பலாம்?

கேள்வி: நொய்யல்கரை

வணக்கம். எனக்கு 44 வயது, கோயம்புத்தூரில் வசிக்கிறேன். 2018இல் வலது மார்பகத்தில் புற்றுநோய் தெரியவந்து, மார்பகத்தை முழுவதுமாக அகற்றினார்கள். அக்குளில் எடுத்துச் சோதித்த நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவியிருக்கவில்லை என்பதால் கதிர்வீச்சு தேவைப்படவில்லை. அதே ஆண்டில் மார்புத் தசைக்கு அடியில் சிலிகோன் இம்ப்ளான்ட் வைத்தார்கள்.

சிகிச்சைக் காலத்தில் என்னை நிமிர்த்தி வைத்தது முதலில் நடை, பிறகு ஓட்டம். வாரத்தில் 3 நாள் விடியற்காலையில் ரேஸ் கோர்ஸ் பாதையில் 10 கிலோமீட்டர் ஓடுவேன்; 2 நாள் மாலையில் சிலம்பம். முதல் நான்கு ஆண்டுகள் எந்தச் சிக்கலும் இல்லை. அதன் பிறகு இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடல் தானாக உண்டாக்கிக்கொள்ளும் உறை இறுகத் தொடங்கியது. கம்பு சுற்றும்போது மார்புத் தசை சுருங்கியதும் இம்ப்ளான்ட் வெளிப்பக்கமாக விலகி மேலேறுவது சட்டைக்கு மேலேயே தெரியும். கடந்த ஆண்டு பார்வைக்கும் வடிவம் மாறிக் கெட்டியாகிவிட்டது. உறை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை நான்கு நிலைகளாகச் சொல்லும் பேக்கர் அளவுகோலில் மூன்றாம் நிலை என்று மருத்துவர் சொன்னார்.

16 நாட்களுக்கு முன்பு மாற்று அறுவை நடந்தது. பழைய இம்ப்ளான்ட்டையும் இறுகிய உறையையும் எடுத்துவிட்டு, மார்புத் தசையை விலாக்கூட்டின் மீது பழைய இடத்திலேயே திரும்பத் தைத்து, தசைக்கு மேலே, செல்கள் நீக்கப்பட்ட தோல் படலம் ஒன்றால் சுற்றிப் புதிய இம்ப்ளான்ட்டை வைத்திருக்கிறார்கள். இனித் தசை சுருங்கினாலும் இம்ப்ளான்ட் நகராது என்றார்கள். உள்ளே ஊறும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயை 12ஆம் நாள் எடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது எனக்குச் சொன்னது ஒரே வாக்கியம்: "ஆறு வாரம் எதுவும் செய்யாதீர்கள்." எதுவும் என்றால் எது? தலை பின்னுவதா, குக்கரைத் தூக்குவதா, நடப்பதா? வலி ஏறக்குறைய இல்லை என்பதால் 14ஆம் நாள் காலையில் வேகமாக 5 கிலோமீட்டர் நடந்தேன். வந்ததும் மாவுப் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இரண்டு கைகளாலும் தூக்கி வைத்தேன். அன்று மாலை திரும்பிப் படுத்தபோது, பாதி நிரம்பிய தண்ணீர்ப் பையை அசைத்தது போல விலாப் பக்கத்தில் ஏதோ அலம்பியது. காய்ச்சலோ சிவப்போ இல்லை. நான் கெடுத்துக்கொண்டேனா? உடல் உழைப்புக்குப் பழகியவர்கள் இந்த வாரங்களை எப்படிக் கடந்தீர்கள் என்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: அடையாறு நீச்சல்காரி

சகோதரி, முதலில் ஒரு வேண்டுகோள். நாளைக் காலையே உங்கள் அறுவை மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அலம்பல் உணர்வு என்பது பெரும்பாலும் உள்ளே நீர் கோத்திருப்பதற்கான அடையாளம். அல்ட்ராசவுண்டில் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். சிறிதளவாக இருந்தால் உடலே உறிஞ்சிக்கொள்ளும், அதிகமாக இருந்தால் மருத்துவர் ஊசியால் எடுத்துவிடுவார். இதற்காக உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு 51 வயது. இடப்பக்கத்தில் உங்களைப் போலவே புற்றுநோய்க்குப் பின் வைத்த இம்ப்ளான்ட். வலியோ வீக்கமோ எதுவும் இல்லாத நிலையில், ஆறாம் ஆண்டில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில்தான் அது உள்ளே கிழிந்திருந்தது தெரிந்தது. சிலிகோன் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்கள் ஐந்தாறு ஆண்டுகளில் ஒருமுறையும், அதன் பிறகு 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2021 அக்டோபரில் அறிவுறுத்தியிருந்தது. அதைப் படித்துவிட்டு நானாகக் கேட்டு எடுத்த பரிசோதனை அது. உங்கள் புதிய இம்ப்ளான்ட்டின் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண், அளவு, மேற்பரப்பு வழுவழுப்பானதா சொரசொரப்பானதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். சொரசொரப்பான மேற்பரப்போடு தொடர்புடைய அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் காரணமாக 2019 ஜூலையில் ஒரு வகை இம்ப்ளான்ட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றபோது, அட்டையைத் தொலைத்தவர்கள் தங்கள் உடலுக்குள் இருப்பது எது என்றே தெரியாமல் தவித்தார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அறுவைக்கு முன் நான் நாள்தோறும் 1 கிலோமீட்டர் நீந்துபவள். எனவே முதல் அறுவையைவிட மாற்று அறுவை எளிது, இம்ப்ளான்ட்டுக்கான இடம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, வெறுமனே மாற்றி வைப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். உண்மையில் உறையை எடுக்கும்போது உள்ளே பரந்த பச்சைப் புண் உண்டாகிறது. வெளியே தெரிவது ஒரு கோடு மட்டும்தான். முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் என்று நடந்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் வெளியே நடந்தேன். நான்காம் வாரத்தில் நிலையான சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பிடியில் பாரம் போடாமல் மிதித்தேன்.

ஐந்தாம் வாரத்தில்தான் தவறு செய்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் ஸ்கூட்டரைப் பின்னால் இழுத்து நடு ஸ்டாண்டில் ஏற்றினேன். அந்த ஓர் இழுப்பில் முழு எடையும் மார்பின் குறுக்கே வந்தது. அன்றிரவு இடப்பக்கம் இறுகி வீங்கியது. நல்ல வேளையாக ரத்தக் கட்டு இல்லை. ஆனால் இரண்டு வாரம் பின்னால் போய்விட்டேன். எனவே உடற்பயிற்சியை மட்டும் கணக்கில் வைக்காதீர்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்ப்பது, இறுகிய மிக்ஸி மூடியைத் திருகுவது, ஈரப் போர்வையைப் பிழிவது, பரணிலிருந்து எதையாவது இறக்குவது ஆகிய எல்லாமே தண்டாலுக்குச் சமம்.

தோளுக்காக ஒன்று செய்தேன். அலமாரிக் கதவை ஒட்டி நின்று, விரல்களால் மெல்ல மேலே நகர்ந்து, இழுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திப் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். மூன்றாம் வாரத்துக் கோடு என் தோள் உயரத்தில் இருக்கிறது. பத்தாம் வாரத்துக் கோடு கதவின் மேல் விளிம்பில். அந்தக் கோடுகளை இன்னும் அழிக்கவில்லை. எட்டாம் வாரத்தில் குளத்தில் இறங்கிக் காலை மட்டும் உதைத்தேன். நான்காம் மாதத்தில் கைவீச்சு.

மறுமொழி: மதுரை பிசியோ

புற்றுநோய் அறுவைக்குப் பின் வருபவர்களுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் உடலைத் திறந்து பார்த்தவர் உங்கள் மருத்துவர் என்பதால், நான் சொல்வதில் எது அவர் சொல்வதோடு முரண்பட்டாலும் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்பட வைத்தது "வலி ஏறக்குறைய இல்லை" என்ற வரிதான். மார்பகத்தை அகற்றும்போது அங்குள்ள தோலுக்குப் போகும் நரம்புகள் அறுபடுகின்றன. ஆகவே அந்தத் தோல் பல ஆண்டுகளுக்கு, சிலருக்கு எப்போதுமே, மரத்திருக்கும். ஓட்டக்காரர்கள் வலியைக் கேட்டே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பழகியவர்கள். ஆனால் இந்த இடத்தில் அந்தக் காவல்காரன் தூங்கிக்கொண்டிருக்கிறான். வலி இல்லாததை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே காரணத்தால் வெந்நீர்ப் பையையோ ஐஸ் கட்டியையோ அங்கே வைக்கவே கூடாது; சுடுவது தெரியாமல் தோல் கொப்பளித்துப் போனவர்கள் உண்டு.

அடுத்து, ஏன் நீர் கோக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் எதைத் தவிர்க்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். உங்களுக்கு வைத்திருக்கும் தோல் படலத்தில் உயிரணுக்கள் இல்லை. மேலே உள்ள உங்கள் தோலிலிருந்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்ந்து புகுந்தால்தான் அது உங்கள் உடலோடு ஒட்டும். ஒட்டுவதற்கு இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று அசையாமல் படிந்திருக்க வேண்டும். கையை வேகமாக வீசி நடக்கும்போதும் குதிக்கும்போதும் தோல் ஒரு பக்கமும் இம்ப்ளான்ட் ஒரு பக்கமுமாக வழுக்குகின்றன. அந்த இடைவெளியில் நீர் சேர்கிறது. நாள் முழுவதும் போட்டிருக்கச் சொல்லும், கம்பி வைக்காத, முன்பக்கம் கொக்கி போடும் அழுத்த உள்ளாடையின் வேலை அந்த வழுக்கலைத் தடுப்பதுதான். கோவை வெயிலில் வியர்க்கிறது என்று பகலில் கழற்றிவிடாமல், மாற்றிப் போட இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மார்புத் தசையைத் திரும்பத் தைத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு செய்தி. தைத்த திசு மூன்றாம் வாரத்தில் தன் பழைய வலுவில் கால் பங்கு அளவுக்குத்தான் வந்திருக்கும். மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை எட்டும், முழுமையாக எப்போதும் எட்டுவதில்லை. எனவே கால்களுக்கு ஒரு நாட்காட்டி, மார்புக்கு இன்னொன்று. நீர் வற்றியது உறுதியானதும் நடையையும் சைக்கிளையும் மெல்லக் கூட்டலாம். ஓட்டம் ஆறு வாரத்துக்கு முன் வேண்டாம், அதுவும் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து தொடங்குவது நல்லது. தண்டாலும் சிலம்பமும் 12 வாரத்துக்குப் பிறகு. சிலம்பத்தில் கம்பு சுற்றுவதைவிட, எதிராளியின் அடியைத் தடுக்கும்போது வரும் அதிர்ச்சிதான் தைத்த தசையை இழுக்கும். ஆகவே தனிச் சுற்று முதலில், ஜோடிப் பயிற்சி அதற்கும் பல வாரம் கழித்து.

ஆனால் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்துவிடவும் கூடாது. தோள் இறுகிப்போனால் அதை இளக்க மாதங்கள் ஆகும். மருத்துவர் சரி சொன்னதும், தோள் உயரம் வரை, பாரம் இல்லாமல், நாளைக்கு மூன்று முறை அசையுங்கள். எழும்போது முழங்கால்களை மடக்கி, அறுவை நடக்காத இடப்பக்கமாக உருண்டு, கால்களைக் கீழே இறக்கி, இடது கையை ஊன்றி எழுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெருத்து இறுகினாலோ, சிவந்து சூடானாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, கெண்டைக்காலில் வலி வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

மறுமொழி: சிங்கப்பூர் துடுப்பு

அக்கா, மார்பகப் புற்றுநோயைக் கடந்து வந்த பெண்கள் துடுப்புப் போடும் டிராகன் படகு (பலர் வரிசையாக உட்கார்ந்து செலுத்தும் நீளமான படகு) குழுவில் இருக்கிறேன். கையை அதிகம் உழைக்கவிட்டால் கை வீங்கிவிடும், வாழ்நாள் முழுக்கப் பொத்திப் பாதுகாக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். கனடாவின் வான்கூவரில் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி 1996இல் இந்த நோயைக் கடந்த 24 பெண்களை வைத்து ஒரு டிராகன் படகுக் குழுவைத் தொடங்கினார். படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததில் அவர்களில் யாருக்கும் புதிதாகக் கைவீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் இப்படிக் குழுக்கள் இருக்கின்றன. உங்களை அவசரப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்களும் படகில் ஏறுவதற்கு முன் மாதக்கணக்கில் உடற்பயிற்சிக் கூடத்தில் சிறு எடைகளோடுதான் இருந்தார்கள். கம்பு உங்கள் கைக்கு நிச்சயம் திரும்பி வரும் என்பதற்காகச் சொல்கிறேன். கார் ஓட்டத் தொடங்கும்போது சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் இடையில் ஒரு சிறிய தலையணை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது மிகவும் உதவியது.

நொய்யல்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். நீர் கோத்திருப்பது உண்மைதான். அளவு குறைவு என்பதால் ஊசியால் எடுக்கவில்லை. ஒரு வாரம் வீட்டுக்குள் மட்டும் நடந்துவிட்டுத் திரும்ப வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். தலை பின்னலாமா என்று தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டேன். மருத்துவர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் எதிரே வார எண்ணைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

"வலி இல்லாததை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தண்ணீர் கேன் இனி மகனின் பொறுப்பு. மாவுப் பாத்திரத்தை இரண்டு சிறிய டப்பாக்களாகப் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைத்துவிட்டார் கணவர். அலமாரிக் கதவில் என் முதல் கோட்டை இன்று போட்டேன், தோளுக்கும் நான்கு விரல்கடை கீழே. அடுத்த வாரம் ஸ்கேன் முடிந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.