லீவுல பசங்கள வெச்சு என்ன பண்ணலாம், ஐடியா குடுங்க

அக்கா அண்ணா எல்லாருக்கும் வணக்கம். நாங்க காவேரிப்பட்டணம், பையன் நாலாவது, பொண்ணு ஏழாவது, லீவு விட்டதுல இருந்து போன் போன்னு ஒரே ரகளை. நேத்து பல்லாங்குழிய எடுத்து குழிக்கு 5 புளியங்கொட்டை போட்டு மொத்தம் எவ்ளோடான்னு கேட்டேன், 14 குழியவும் தொட்டு தொட்டு எண்ணி 70ன்னான், வாய்ப்பாடுன்னா ஓடுற பையன்! (நாலு கொட்டைய வாய்ல போட்டு கடிச்சது தனி கதை.) பொண்ணுக்கு அது போரடிக்குது, நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல அகழாய்வு நடந்த மயிலாடும்பாறைல 4000 வருஷத்துக்கு முன்னாடியே இரும்பு இருந்துச்சுன்னு சொன்னதுல இருந்து ரோட்டோரம் கல்லு பாத்தாலே நடுகல்லாம்மான்னு (அந்த காலத்துல செத்துப்போன வீரருக்கு நட்டு வெச்ச கல்லு) நின்னுடறா. தர்மபுரி மியூசியத்துல நடுகல் இருக்கே, பசங்கள கூட்டிட்டு போனவங்க யாராச்சும் இருக்கீங்களா, எப்படி சுத்தி காட்டுனா நல்லாருக்கும்? வீட்லயே செலவில்லாம செய்யற சயின்ஸ் ஏதாச்சும் இருந்தாலும் சொல்லுங்க, அடுப்பு பக்கம் போறது மட்டும் வேணாம்.