"லினக்ஸ் ஆதரவு உண்டு" என்று பெட்டியில் போட்ட வைஃபை டாங்கிள்: எதை நம்பி வாங்குவது?

வைகைக்கரை (கேள்வி)

பள்ளி ஆய்வகத்தில் 12 மேசைக் கணினிகள், எல்லாவற்றிலும் டெபியன் 12 (லினக்ஸில் ஒரு வகை). யூஎஸ்பி வைஃபை டாங்கிள் 12 வாங்க வேண்டும். பார்க்கிற பெட்டியில் எல்லாம் "லினக்ஸ்" என்று அச்சடித்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் தளத்துக்குப் போனால் ஒரு ஜிப் கோப்பு. உள்ளே சோர்ஸ் கோடும் இன்ஸ்டால் ஸ்கிரிப்டும். சோர்ஸையே கொடுத்துவிட்டார்கள் என்றால் அது ஓப்பன் சோர்ஸ்தானே? ஆனால் விவரம் தெரிந்தவர்கள், லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) இருக்கிற சிப்பாகப் பாருங்கள் என்கிறார்கள். நடைமுறையில் என்ன வித்தியாசம்? வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

நெசவாளி

ஜிப்பில் இருப்பது பெரும்பாலும் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில்தான் இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கோடு எழுதப்பட்ட நாளில் இருந்த கர்னலோடு அது நின்றுவிடுகிறது. சிக்கல் அங்கேதான்.

அப்ளிகேஷன்களோடு பேசும் பக்கத்தை லினக்ஸ் கர்னல் உடைக்காது. பத்து வருடப் பழைய ப்ரோக்ராமும் ஓடும். உள்ளே டிரைவர்கள் கூப்பிடும் ஃபங்ஷன்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இது தெரிந்தே எடுத்த முடிவு. கர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கர்னல் ஆவணங்களிலேயே இருக்கிறது. ஒரு ஃபங்ஷனை மாற்றுகிறவர், கர்னல் மரத்துக்குள் (கர்னலின் சொந்த சோர்ஸ் தொகுப்புக்குள்) அதைக் கூப்பிடும் டிரைவர்களையும் சேர்த்தே திருத்த வேண்டும். மரத்துக்கு வெளியே இருப்பது அவர் கண்ணிலேயே படாது.

ஒரு உதாரணம். டைமரை நிறுத்துவதற்குப் பல வருடங்களாக டெல்_டைமர் என்ற ஃபங்ஷன் இருந்தது. கர்னல் 6.15-ல் அது நீக்கப்பட்டு டைமர்_டிலீட் மட்டும் மிஞ்சியது. உள்ளே இருந்த டிரைவர்கள் எல்லாம் கூடவே மாறிவிட்டன, பயனருக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. ஜிப்பில் வந்த டிரைவரோ கம்பைல் ஆகாமல் நிற்கும். யாராவது ஒரு தன்னார்வலர் கிட்ஹப்பில் திருத்திப் போடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த 6.16-ல் ஃப்ரம்_டைமர் என்ற இன்னொன்று போனது. மறுபடியும் அதே கதை.

தயாரிப்பாளர் ஏன் உள்ளே கொண்டுவருவதில்லை? இப்படிப்பட்ட டிரைவர்கள் பலவற்றில் வைஃபை நெறிமுறையை நடத்தும் அடுக்கையே தனியாக எழுதி வைத்திருப்பார்கள். கர்னலில் அந்த வேலைக்கு மேக்80211 ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் திரும்ப எழுதி வந்தால்தான் கர்னலின் வைஃபை பகுதியைக் கவனிக்கும் லினக்ஸ்-வயர்லெஸ் பராமரிப்பாளர்கள் ஏற்பார்கள். அதற்கு ஆளும் மாதங்களும் வேண்டும். விலை குறைந்த டாங்கிளுக்கு அந்தச் செலவு செய்ய மனம் வருவதில்லை.

கடலோரன்

@நெசவாளி சொன்னது சரி. ஆனால் டெபியன் 12-ல் அது உடனே தெரியாது என்பதைச் சேர்க்க வேண்டும். அதன் கர்னல் கடைசிவரை 6.1 வரிசையிலேயே இருக்கும். டெபியன் 13-க்கு ஏற்றுகிற நாளில் (கர்னல் 6.12) அல்லது பேக்போர்ட்ஸ் கர்னல் (பழைய டெபியனுக்குத் தரும் புதுக் கர்னல்) போடும்போதுதான் அடி விழும். உபுண்டு 24.04-ன் எச்டபிள்யூஇ (புது வன்பொருளுக்கான) கர்னல்தான் 6.8, 6.11, 6.14 என்று நகர்ந்துகொண்டே போகும்.

டெபியன் 12-ல் முதலில் மாட்டிக்கொள்வது வேறு இரண்டு இடங்களில்.

பலர் அன்றைய கர்னலின் ஹெடரை (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகளை) மட்டும் நிறுவுகிறார்கள். பாதுகாப்பு அப்டேட்டில் புதுக் கர்னல் வரும், அதன் ஹெடர் வராது, ஒவ்வொரு கர்னலுக்கும் டிரைவரைத் தானாகக் கட்டும் டிகேஎம்எஸ் அதைக் கட்டாமல் விட்டுவிடும். ரீபூட் செய்தால் வைஃபை இல்லை. சரிசெய்ய நெட்டும் இல்லை. லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற மெட்டா பேக்கேஜைப் போட்டுவிட்டால் ஹெடரும் கூடவே வரும்.

அடுத்தது செக்யூர் பூட்: கையொப்பமில்லாத மாட்யூலை (கர்னலில் ஏறும் டிரைவர் கோப்பை) ஏற விடாத பாதுகாப்பு. மரத்துக்குள் இருக்கும் மாட்யூல்களில் டெபியனின் கையொப்பம் இருக்கும். டிகேஎம்எஸ் உங்கள் கணினியிலேயே ஒரு சாவி உருவாக்கிக் கையொப்பமிடும், ஆனால் அந்தச் சாவியை மோக்யூட்டில் கட்டளை வழியாகப் பதிந்து, அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையில் கடவுச்சொல் தட்டி ஏற்க வேண்டும். தொலைவிலிருந்து முடியாது. 12 கணினி என்றால் 12 விசைப்பலகை முன்னாலும் ஒருவர் உட்கார வேண்டும்.

நிரலி_மதி

எந்தச் சிப் என்ற கேள்விக்கு வருகிறேன். கர்னல் 6.1-க்கு மீடியாடெக் பக்கம் போங்கள். எம்டி7610யூ, எம்டி7612யூ இரண்டும் 4.19 முதல் உள்ளே இருக்கின்றன. வைஃபை 6 வேண்டும் என்றால் எம்டி7921ஏயூ, 5.18 முதல். எல்லாம் எம்டி76 என்ற ஒரே டிரைவர் குடும்பம். ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஃபீலிக்ஸ் ஃபீட்காவ் தொடங்கியது, மீடியாடெக் பொறியாளர்களும் அதிலேயே பேட்ச் அனுப்புகிறார்கள். ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) மட்டும் மூடிய கோப்பு: டெபியனின் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவிலுள்ள ஃபர்ம்வேர்-மிஸ்க்-நான்ஃப்ரீ பேக்கேஜ் வேண்டும்.

ரியல்டெக் என்றால் பதிப்பு எண்ணைப் பார்த்து நடங்கள். 8821சியூ, 8822பியூ 6.2-ல்தான் உள்ளே வந்தன, அதாவது டெபியன் 12-க்கு ஒரு படி தள்ளி. 8812ஏயூ 6.14-ல் வந்தது, டெபியன் 13-ன் 6.12-லும் கிடையாது.

அந்த நிறுவனத்தை மொத்தமாக ஒதுக்குவதும் நியாயமில்லை. மடிக்கணினிகளுக்கான பிசிஐஇ சிப்களின் ஆர்டிடபிள்யூ88 (5.2), ஆர்டிடபிள்யூ89 (5.16) டிரைவர்களை அவர்களுடைய பொறியாளர்களே அப்ஸ்ட்ரீமில் (மூலக் கர்னலில்) கொடுத்துப் பராமரிக்கிறார்கள். ஆர்டிடபிள்யூ88-ன் யூஎஸ்பி பகுதியைச் சேர்த்து முடித்தவர் வெளியாள்: ஜெர்மனியின் பெங்குட்ரானிக்ஸைச் சேர்ந்த சாஷா ஹவர். லட்சக்கணக்கில் சிப் வாங்கும் மடிக்கணினி நிறுவனம் கேட்டால் நடக்கிறது. ஒன்றும் இரண்டுமாக டாங்கிள் வாங்குகிறவர்கள் குரல் அவர்களுக்குக் கேட்பதில்லை என்பது என் கருத்து.

வைகைக்கரை

நன்றி. பெட்டியில் மாடல் பெயர்தான் இருக்கிறது, சிப் பெயர் இல்லையே? ஒரு மாதிரி டாங்கிளைச் செருகினால் வைஃபைக்குப் பதில் சிடி டிரைவ் வருகிறது. ஐடி 0பிடிஏ:1ஏ2பி.

நெசவாளி

டாங்கிள் கெடவில்லை. விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்து முதலில் வட்டு வேடம் போடும் வகை அது. யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் நிறுவுங்கள், அல்லது அந்த வட்டை இஜெக்ட் செய்யுங்கள். உண்மையான ஐடி அதன் பிறகுதான் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் தெரியும். அந்த ஐடியை வைத்துத்தான் சிப்பைத் தேட வேண்டும்.

மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அதே பெயரில் வி1, வி2, வி3 என்று வரும், ஒவ்வொன்றிலும் வேறு சிப் இருக்கலாம். பதிப்பு பெட்டியின் பார்கோடு ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் இருக்கும். எஃப்சிசி ஐடி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் பதிவு எண்) இருந்தால் இன்னும் நல்லது: அதை வைத்துத் தேடினால் உட்புறப் படங்கள் பல நேரம் கிடைக்கும், சிப் மேல் பொறித்த எண்ணையே படித்துவிடலாம்.

கடலோரன்

முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். செருகி, எந்த மாட்யூல் ஏறியது என்று பார்த்து, மோட்இன்ஃபோ கட்டளை கொடுங்கள். "இன்ட்ரீ: ஒய்" என்ற வரி இருந்தால் அது கர்னலோடு வந்த டிரைவர். அந்த வரி இல்லாமல், கர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜில் அவுட்-ஆஃப்-ட்ரீ (மரத்துக்கு வெளியே உள்ள) மாட்யூல் கர்னலை டெயின்ட் செய்கிறது என்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஜிப் டிரைவர் போட்ட கணினியில் சோதிக்காதீர்கள். அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் மோட்ப்ரோப்.டி கோப்புறையில் பிளாக்லிஸ்ட் கோப்பு போட்டிருக்கலாம். கர்னல் டிரைவர் இருந்தும் ஏறாது. டிகேஎம்எஸ் ரிமூவ் செய்து, அந்தக் கோப்பையும் அழித்து, ரீபூட் செய்த பிறகு பாருங்கள். சரியாக வந்தால் மீதி 11-ஐ அதே கடையில், ஸ்டிக்கரில் அதே பதிப்பு எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.