வேண்டா வெறுப்பாப் போட்ட மலையாளச் சூப்பர் ஹீரோ படம், இப்ப பிள்ளையள் விடுறாங்களில்லை. அடுத்தது என்ன போடலாம்?

தையல்கடை (விசுவமடு)

வணக்கம். கேள்வி கடைசியிலதான் வரும். அதுக்கு முன்னம் கொஞ்சம் கதைக்க வேணும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட ஒழுங்கையில எங்கட வீட்டு ரீவிதான் பெரிசு. அதால பின்னேரத்தில விறாந்தை தன்ர பாட்டில நிரம்பும். 2022 இல, பெற்றோல் வரிசையும் கறண்ட் வெட்டுமா இருந்த காலம், மூத்தவன் வந்து "மின்னல் முரளி எண்டு ஒரு படம், தமிழ்ல கதைக்குது, போடுவம்" எண்டான். கனடாவில இருக்கிற என்ர தம்பியின்ர நெட்பிளிக்ஸ் அப்ப எங்களுக்கும் வேலை செய்துகொண்டிருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, ஒருத்தருக்கும் விருப்பமில்லை. மலையாளத்தில சூப்பர் ஹீரோவோ? மிஷ்கின் 2012 இல "முகமூடி" எடுத்து என்ன பாடுபட்டவர் எண்டு பார்த்தனாங்கள்தானே. மலையாளக்காரர் ஒரு வீட்டுக்குள்ள நடக்கிற கதை எண்டா அந்தமாதிரி எடுப்பினம், பறக்கிற வேலையை இங்கிலீசுக்காரரிட்ட விடட்டும் எண்டு இவர் சொல்லிப்போட்டு கச்சான் உடைக்கத் தொடங்கிட்டார். நானும் மடியில வைச்சு ஒரு சட்டைக்குக் கொக்கி கட்டிக்கொண்டுதான் இருந்தன்.

பிறகு பார்த்தா கதாநாயகப் பெடியன் ஜெய்சன் ஒரு தையல்காரன்! தேப்பன்ர கடையில மெஷினுக்கு முன்னால இருக்கிறவன். அண்டையோட கொக்கி கட்டுற வேலை நிண்டுபோச்சு. அவனுக்கு ஊர் பிடிக்காது, அமெரிக்கா போகவேணும். காதலிச்ச பெட்டையின்ர வீட்டு ஆக்கள் பொலிஸ், அந்தப் பக்கத்தால அடியும் அவமானமும். இப்பிடிப் பாஸ்போட்டையும் ஏஜென்சியையும் பார்த்துக்கொண்டு மதிலில இருக்கிற பெடியள் எங்கட ஒழுங்கையில எத்தினை பேர். மின்னல் விழுந்து சக்தி வந்தாப் பிறகும் உலகத்தைக் காப்பாத்துவம் எண்டு அவன் ஓடுறேல்ல. முகத்தைத் துணியால சுத்திக்கொண்டு போய் பொலிசுக்கு நாலு போடுறான். விறாந்தையில விசில்! கச்சான் உடைச்சுக்கொண்டிருந்தவர்தான் முதல் விசில்.

அந்தச் சின்ன மருமகன் பெடியன் இருக்கிறான் பாருங்கோ, அவன்தான் மாமனுக்குச் சூப்பர் ஹீரோ எண்டா ஆர், என்ன செய்ய வேணும் எண்டு வகுப்பெடுக்கிறது. எங்கட வாண்டுகளுக்கு அதுதான் பெரிய சந்தோசம். பெரியாளுக்குத் தெரியாததைச் சின்னப்பிள்ளை படிப்பிக்குது. என்ர மகளுக்கு கராட்டி பழக்கிற பிஜியைப் பிடிச்சுப்போச்சு. அவ கதாநாயகனுக்குக் காதலியா வந்து நிக்காமலே படம் முழுக்க நிண்டுபிடிச்சவ.

தேத்தண்ணிக்கடையில வேலை செய்யிற ஷிபுவுக்கும் அதே மின்னல் விழுந்தது எண்டு விளங்கி வரேக்க கறண்ட் போட்டுது. நேரம் குறிச்சுத்தான் வெட்டுறவங்கள், அண்டைக்கு முன்னமே வெட்டிட்டாங்கள். வழக்கமா எண்டா எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போயிடுவினம். ஒருத்தரும் எழும்பேல்ல. நுளம்புத்திரியைக் கொளுத்தி வைச்சுக்கொண்டு ஒரே வாக்குவாதம். ஒரே மின்னல் எண்டா ரண்டு பேரில ஆர் பெரியாள் எண்டு பெடியளுக்குள்ள சண்டை. பக்கத்து வீட்டு ஆச்சி, "அந்தத் தேத்தண்ணிக்கடைப் பெடியன் பாவம், அவனைக் கெட்டவனாக்கிப் போடாதேங்கோ" எண்டு எங்களைப் பார்த்துச் சொல்லுறா, நாங்கள்தான் கதை எழுதுற மாதிரி. பத்து மணிக்குக் கறண்ட் வர, போன ஒண்டு ரண்டு பேரும் ரோச் லைட்டோட திரும்பி வந்திட்டினம்.

அடுத்த கிழமை கடைக்கு முகமூடி ஓடர். காசில்லாத ஓடர்தான். பிளவுஸ் லைனிங்குக்கு எடுத்த சிவப்புச் சற்றின் மிச்சத்தில வெட்டினன். அந்தத் துணிக்கு ஓரம் அடிக்காமல் விட்டா நூல் பிரிஞ்சு கண்ணுக்குள்ள குத்தும். கண் ஓட்டையோ சின்னன், மெஷின் கால் திரும்ப இடமில்லை. கையாலதான் சுத்தித் தைச்சன். இலாஸ்ரிக்கைக் காதில கொழுவ விட்டா ஓடேக்க கழண்டு விழும், அதால தலையைச் சுத்தி விட்டன். ஒருத்தன் அதைப் போட்டுக்கொண்டு ரியூசனுக்குப் போய் வாத்தியாரிட்ட வாங்கிக் கட்டினவன்.

அதுக்குப் பிறகு எத்தினையோ தரம் போட்டாச்சு. வசனம் எல்லாம் பாடம். ஏப்ரல் லீவு வருது, புதுசு கேக்கிறாங்கள். இதே மாதிரி, பெரிசா ஒண்டும் எதிர்பார்க்காமல் போய் இருந்து சிரிச்சுப்போட்டு எழும்புற சூப்பர் ஹீரோ படம் வேற என்ன இருக்கு? தமிழ்ல கதைக்க வேணும். பிள்ளையளின்ர கண்ணைப் பொத்த வேண்டிய இடம் இருக்கக்கூடாது.

வவுனியா கம்பஸ்

அக்கா, வாசிச்சுச் சிரிச்சு முடியேல்ல. எங்கட ஹொஸ்ரலிலயும் இதே கதைதான். 2021 நத்தாருக்கு முதல் நாள் அது நெட்பிளிக்ஸில வந்தது. "கேரளாவில ஸ்பைடர்மானாம்" எண்டு பகிடி பண்ணினவங்கள்தான் பிறகு லப்டொப்பைச் சுத்தி நிண்டவங்கள்.

அந்தப் படம் பட்ட பாட்டையும் சொல்ல வேணும். காலடியில பெரியாற்றுக் கரையில ஒரு தேவாலயம் மாதிரி செற் போட்டு வைச்சிருந்தவை. கொரோனாவால படப்பிடிப்பு நிண்டுபோய்க் கிடக்க, 2020 மே மாதம் ஒரு இந்துத்துவக் கும்பல் வந்து, கோயிலுக்குக் கிட்டக் கட்டிப்போட்டினம் எண்டு அதை உடைச்சது. மற்றது, இயக்குநர் பேசில் ஜோசப்புக்கு இது மூண்டாவது படம்தான். முதல் ரண்டும் ஊர்ப் பகிடியும் மல்யுத்தமும். அதாலதான் ஆக்களுக்கு நம்பிக்கை வரேல்ல. ஆனா ஊரைத் தெரிஞ்ச ஆள் எடுத்ததாலதான் படம் தப்பினது எண்டு நான் சொல்லுவன். பறக்கிற சீனை எடுத்துப்போட்டாலும் அந்த ஊர் தனியா நிக்கும்.

ஷிபுவா வந்தவர் எங்கட தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம், கூத்துப்பட்டறை எண்ட நாடகக் குழுவில இருந்து வந்தவர். "ஆரண்ய காண்டம்" பார்த்திருப்பியள். "ஜோக்கர்" படத்தில தன்னை ஜனாதிபதி எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவரும் அவர்தான்.

இனி உங்கட கேள்வி. ஆன்ட்-மேன் (2015) போடலாம். எறும்பளவுக்குச் சுருங்கிற ஒருத்தன், சிறையால வந்த கள்ளன், மகளைப் பார்க்க வேணும் எண்டுதான் அவன்ர அந்தரம் முழுக்க. கனகாலமா அதில வேலை செய்த இயக்குநர் எட்கர் ரைட் 2014 இல விலகிப்போக, படம் கவிழ்ந்துது எண்டுதான் எல்லாரும் நினைச்சது. பிறகு 500 மில்லியன் டொலருக்கு மேல ஓடினது. சண்டை ஒரு பிள்ளையின்ர அறைக்குள்ள, விளையாட்டுக் கோச்சிக்கு மேல நடக்கும். அது வாண்டுகளுக்கெண்டே எடுத்த இடம்.

கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி (2014) இன்னும் பகிடி. ஒரு மரம், ஒரே வசனத்தைத்தான் படம் முழுக்கச் சொல்லும். அதோட கையில துவக்கோட ஒரு மிருகம், நரியுமில்லை மரநாயுமில்லை, வாயைத் திறந்தா ஏச்சு. கேள்விப்படாத ஆக்களை வைச்சு எடுத்த படம், 770 மில்லியனைத் தாண்டினது.

ஷஸாம் (2019) எண்டா 14 வயதுப் பெடியன் ஒரு சொல்லைச் சொன்னோடன வளர்ந்த ஆளாயிடுவான். உடம்புதான் பெரிசு, புத்தி அதேதான். உங்கட விறாந்தைக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. பேய் மாதிரி கொஞ்ச உருவங்கள் வரும், ஆகச் சின்னனுகள் பயப்படக்கூடும், முதல் நீங்கள் பார்த்துப்போட்டுப் போடுங்கோ.

ஆராவது டெட்பூல் எண்டு சொன்னா மட்டும் கேளாதேங்கோ. அதுவும் எதிர்பாராமல் வெண்ட படம்தான், 58 மில்லியனில எடுத்து 780 மில்லியனுக்கு மேல ஓடினது. அதில நடிச்ச ரயன் ரெனால்ட்ஸ் 2011 இல கிறீன் லான்ரேன் எண்ட படத்தில விழுந்துபோட்டு எழும்பினதும் அதாலதான். ஆனா வாய் முழுக்கத் தூசணம். ஆச்சி ரீவியைக் கிணத்துக்குள்ள போட்டிடுவா.

புதுக்குடியிருப்பு அண்ணை

எனக்கு உந்தப் படத்தில ஒரு குறை இருக்கு. படம் ரண்டரை மணித்தியாலத்துக்கு மேல, கடைசிச் சண்டை சரியான இழுவை. அது போகட்டும். எல்லாரும் "ஷிபு பாவம், ஷிபு பாவம்" எண்டுறியள். பாங்கைக் கொள்ளையடிச்சவன். கடைசியில ஊர்ச் சனத்தையே கொளுத்த வெளிக்கிட்டவன். அதுக்குள்ள சின்னப்பிள்ளையளும் நிண்டதுகள். நல்ல நடிப்பு எண்டா ஒத்துக்கொள்ளுறன். நடிப்பு நல்லது எண்டதுக்காக ஆளையும் நல்லவன் ஆக்கிறதோ? இப்ப வாற படம் எல்லாத்திலயும் வில்லனுக்கு ஒரு சோகக்கதையை வைச்சு, அடி வாங்கின சனத்தை மறக்கப் பண்ணுறாங்கள்.

பகிடிப் படம் எண்டு சொல்லிப் பிள்ளையளை இருத்திப்போட்டு இதைக் காட்டுறதும் எனக்குச் சரியாப் படேல்ல.

தையல்கடை (விசுவமடு)

அண்ணை, நீளம் எண்டுறதுக்கு மறுப்பில்லை. கடைசிச் சண்டைக்குள்ள நான் எழும்பிப் போய் இடியப்பத்துக்கு மாக்குழைச்சுப்போட்டு வந்தனான், திரும்பி வரேக்கையும் அடிபட்டுக்கொண்டுதான் நிண்டாங்கள்.

நெருப்புப் பத்திச் சொன்னதும் உண்மை. ஊர் எரியிற இடத்தில அம்மா சவுண்டைக் குறைக்கச் சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போட்டா. பெடியளுக்கு அது விளங்கேல்ல, விளங்கவும் தேவையில்லை. இப்ப அந்த இடம் வர முன்னமே மூத்தவன் தானாச் சவுண்டைக் குறைச்சிடுவான்.

ஆனா ஷிபுவில நான் உங்களோட நிக்கமாட்டன். அவன் செய்தது சரி எண்டு ஆரும் சொல்லேல்ல. வளர்ந்தாப் பிறகும் ஊரே அவனை விசரன் எண்டு நக்கலடிச்சுக்கொண்டு திரிஞ்சது. அவன் முதல் களவெடுத்தது அவன் விரும்பின உஷாவின்ர பிள்ளையின்ர ஒப்பரேசன் காசுக்கு. ஜெய்சனும் ஒண்டும் தங்கமில்லை, சக்தி வந்தவுடன பழி தீர்க்கப் போனவன்தானே. ஒருத்தனைத் திருத்த வீட்டில மருமகன் இருந்தான், தேப்பன் இருந்தார். மற்றவன்ர வீட்டில ஆர் இருந்தது? நான் படம் போட்டுக் காட்டுற பெடியளுக்கு அது தெரிஞ்சிருந்தா நல்லம் எண்டுதான் நினைக்கிறன். எங்கட சந்தியிலயும் ஒரு மனிசன் தனியக் கதைச்சுக்கொண்டு திரியிறவர். முன்னம் அவருக்குக் கல்லெறிவாங்கள். இந்தப் படத்தால நிப்பாட்டிட்டாங்கள் எண்டு பொய் சொல்லமாட்டன். ஆனா இப்ப ஒருத்தன் எறிஞ்சா மற்றவன் "டேய், மின்னல் விழப்போகுது" எண்டு கத்துறான்.

மல்லாவியான் (ஸ்காபுறோ)

தங்கச்சி, நீங்கள் கறண்ட் போன கதை சொல்ல எனக்குத் தொண்ணூறுகள் நினைவு வந்திட்டுது. அப்ப வன்னியில கறண்ட் எண்ட பேச்சே இல்லை. படம் எண்டா ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுக்க வேணும், எண்ணெய்க்கு ஊரெல்லாம் சேர்க்க வேணும். முத்தத்தில படங்கை விரிச்சு விடிய விடிய மூண்டு படம். கடைசிப் படத்தின்ர கடைசிக் கட்டத்திலதான் எண்ணெய் முடியும். அதால எனக்கு இப்பவும் கன படங்களின்ர முடிவு தெரியாது. முடிவு நாங்களே கட்டிக் கதைக்கிறதுதான். உங்கட விறாந்தை வாக்குவாதம் அந்தப் பரம்பரை.

நான் அந்தப் படம் பார்த்தது இஞ்ச, வேலை முடிஞ்சு வந்து தனிய. ஜெய்சன் அமெரிக்கா அமெரிக்கா எண்டு நிண்டுபோட்டுக் கடைசியில ஊரோட நிக்கிறான். அது எனக்குச் சிரிப்பா வரேல்ல. எனக்கு மின்னல் விழேல்ல, ஏஜென்சிதான் விழுந்தது. நான் வந்திட்டன். ஊரைக் காக்க ஆள் வேணும் எண்டு படத்தில சொல்லுறது லேசு, மதிலில இருக்கிற பெடியளுக்கு வேலையும் வேணும். அதை மட்டும் அந்தப் படம் தொடேல்ல.

புதுக்குடியிருப்பு அண்ணைக்கு ஒண்டு: அழுத கண்ணோட வில்லனுக்குக் கைதட்டினது நாங்கள் வீரபாண்டியக் கூத்துப் பார்த்த காலத்திலயும் இல்லை. பாவப்படுறது வேற, கைதட்டுறது வேற. ஷிபுவுக்கு ஆரும் கைதட்டினதா எனக்குத் தெரியேல்ல.

முள்ளியவளை

ஷஸாம்தான் அக்கா, யோசிக்காதேங்கோ. என்ர பெடியனுக்கும் ஒரு முகமூடி வேணும், சிவப்புத் துணி நான் கொண்டுவாறன். தலைச் சுற்று 20 அங்குலம்.

தையல்கடை (விசுவமடு)

20 அங்குலம் எண்டா இலாஸ்ரிக் 18 வெட்டினாப் போதும், இழுபடும். சற்றின் கொண்டுவராதேங்கோ, பருத்தி கொண்டுவாங்கோ, வேர்வைக்கு அதுதான் நல்லது.

ஷஸாமை வெள்ளிக்கிழமை நானும் இவருமா முதல் பார்க்கிறம். ஆச்சிக்கு நரியுமில்லை மரநாயுமில்லை எண்ட மிருகத்தைப் பத்திச் சொல்ல, அதைத்தான் முதல் போடச் சொல்லி நிக்கிறா.

கம்பஸ் தம்பி, உமக்குத்தான் ஒரு வேலை. நீர் எழுதினதை நான் இவருக்குச் சத்தமா வாசிச்சுக்கொண்டிருக்க, மூத்தவன் பின்னால நிண்டிருக்கிறான். இப்ப மத்தியானம் துவக்கம் "டெட்பூல் எண்டா என்னம்மா, ஏன் எங்களுக்குக் காட்டக்கூடாது" எண்டு மெஷினடியை விட்டுப் போறானில்லை. அதுக்கு என்ன பதில் சொல்லுறது எண்டும் நீரே எழுதும்.