லண்டன் அண்ணையும் எங்கள் ஊர்க் கழகமும்

யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் ஒரு பளிங்குக் கல் இருக்கும். கனடா, சுவிஸ், நோர்வே, லண்டன் என்று ஒரு நாட்டின் பெயரும், அங்கே வாழும் ஒருவருடைய தாய் தகப்பனின் நினைவும் அதில் பொறித்திருக்கும். வடமராட்சியில் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு நான் பல வருடம் செயலாளராக இருந்தேன். எங்களுக்கும் அப்படி ஒருவர் உதவினார். ஆனால் எங்கள் மைதானத்தில் கல் இல்லை. வேண்டாம் என்று தடுத்தவர் அவர்தான். அதனால் இங்கேயும் பெயர் எழுதவில்லை, லண்டன் அண்ணை என்றே சொல்கிறேன்.

1983 கலவரத்துக்குப் பிறகு வெளிக்கிட்ட தலைமுறை அவர். லண்டனில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தார். பிறகு ஒரு கடையைக் குத்தகைக்கு எடுத்தார், அப்புறம் சொந்தமாக மளிகை, காய்கறி வியாபாரம். ஊரில் இருந்த காலத்தில், எங்கள் பக்கம் ஆடும் ஓவர்கேம் என்ற கரப்பந்தாட்ட வகையில் பெயர் எடுத்தவர் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஒரு பெரிய சுற்றுப்போட்டிக்கு அனுசரணை கேட்டுத்தான் அவருக்கு முதலில் எழுதினோம். வெற்றிக் கிண்ணம், பணப்பரிசு, ஒலிபெருக்கி, பதாகை என்று எல்லாச் செலவையும் பட்டியல் போட்டு அனுப்பினோம். அவர் தொலைபேசி எடுத்துக் கேட்டது வேறு.

"தம்பி, கிழமைக்கு எத்தினை நாள் பெடியள் பழக வாறாங்கள்? ஆர் பழக்கிறது?"

நிரந்தரமாக யாரும் இல்லை என்றேன்.

"அப்ப போட்டி முடிஞ்ச அடுத்த நாள் கிரவுண்டில ஆர் நிப்பினம்?"

போட்டிக்கு அவர் ஒரு சதமும் தரவில்லை. காசு தராமல் புத்தி சொல்கிறார் என்று நிர்வாகக் கூட்டத்தில் சிலர் கொதித்தார்கள். ஆனால் அடுத்த மாதமே, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவருக்கு மாதக் கொடுப்பனவும், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அவித்த கடலை, முட்டை, வாழைப்பழத்துக்கான காசும் வந்தது. வரவுப் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. எங்கள் மாலைப் பயிற்சி ஐந்து மணிக்குத் தொடங்கும். கோடையில் அங்கே அப்போது பகல் பன்னிரண்டரை. சாமான் இறக்கும் சத்தத்துக்கு நடுவே அழைத்து, "இண்டைக்கு எத்தினை பேர்?" என்று கேட்பார்.

கரப்பந்து வலையின் உயரத்தில்கூட அவருக்குக் கண். ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர் என்று கம்பத்தில் அடையாளம் போடச் சொன்னார். அதுவரை கயிறு கட்டிய உயரம்தான் எங்கள் உயரம்.

பெண்பிள்ளைகளுக்கு அணி தொடங்க வேண்டும் என்றதும் அவர்தான். புன்னாலைக்கட்டுவனில் இருந்து போன தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தில் உலகம் அறிந்த வீராங்கனை. அப்படி உயரமும் திறமையும் உள்ள பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள், பதினான்கு வயதோடு வீட்டுக்குள் போய்விடுவார்கள். பெற்றோருக்கு இருட்டும் பாதையும்தான் பயம். பயிற்சி ஆறு மணிக்குள் முடியும், பொறுப்பாக ஒரு ஆசிரியை நிற்பார், தூரத்துப் பிள்ளைகளை ஓட்டோவில் வீட்டு வாசலில் இறக்குவோம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். அந்த ஓட்டோக் கூலியை மாதாமாதம் கட்டியவர் லண்டன் அண்ணை. எந்தக் கிண்ணத்தையும் விட அந்த ஓட்டோக் கூலி எங்கள் ஊருக்குச் செய்தது பெரிது. கல்லில் பொறிக்க முடியாத செலவு என்பதால் இதற்குக் காசு தர ஆள் கிடைப்பது அரிது.

பெரிய அளவில் புலம்பெயர் முதலீடு வருவது நல்லதுதான். லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் யாழ்ப்பாணத்தின் பெயரில் 2020 இல் ஒரு அணி வந்ததால்தான் யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் அந்த மேடையில் பந்து வீசினார். 2024 இல் ஐபிஎல் வரை போனார். அதைப் பார்த்து எங்கள் பெடியள் துள்ளினார்கள். ஆனால் அவர்களுக்குச் சப்பாத்து வாங்கவும் ஒருவர் வேண்டும்.

ஒரு கலியாணத்துக்காக லண்டன் போனபோது அவர் கடையைப் பார்த்தேன். லெய்ட்டனில் இருக்கும் நியூ ஸ்பிற்றல்பீல்ட்ஸ் மொத்தச் சந்தை நள்ளிரவில்தான் தொடங்கும். அந்த வயதிலும் முழங்கால் வலியோடு அவரே போய்க் காய்கறி எடுத்துவந்து, காலையில் கடை திறந்து, கல்லாவிலும் நிற்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி. எங்கள் பிள்ளைகளின் பெயர்கள், எந்த வகுப்பு, யாருக்கு எந்த அளவு சப்பாத்து என்று அவருடைய கையெழுத்தில். வெளிநாட்டுக் காசு மரத்தில் காய்க்கிறது என்று நினைப்பவர்கள் அந்தக் கடையில் ஒரு இரவு நிற்க வேண்டும்.

2022 நெருக்கடியை மறக்கவே முடியாது. சில வாரங்களில் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்றறுபது வரை போனது. அவர் அனுப்பும் பவுணுக்கு ரூபாய் கூடக் கிடைத்தது, ஆனால் பந்தின் விலை அதையும் தின்றுவிட்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் கரையோரப் படகுகள் கடலுக்குப் போகவில்லை. பதிவேட்டில் பெயர்கள் குறைந்தன. காரணத்தைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பந்தை விடு தம்பி, அந்த வீடுகளுக்கு அரிசி, பருப்பு, மா வாங்கிக் குடு. பெடியள் ஆரெண்டு வெளியில தெரியக்கூடாது" என்றார். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை, கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

பக்கத்து ஊர்க் கழகத்தின் கதை வேறு. இரண்டு நாட்டு உதவியாளர்கள், இரண்டு நிர்வாகங்கள், ஒரே மைதானம். யார் பெயரில் சீருடை என்று சண்டை வந்து, பிள்ளைகள் இரண்டு வருடம் விளையாடவே இல்லை. அங்கே உதவியவர்களும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் பிள்ளைகளோடு பேசியவர் யாரும் இல்லை, தலைவர்மாரோடுதான் பேச்சு.

இப்போது லண்டன் அண்ணை தன் பங்கைக் குறைத்துக்கொண்டு வருகிறார். தன் பிள்ளைகளுக்கு இந்த ஊர் தெரியாது, தனக்குப் பிறகு அவர்கள் தருவார்கள் என்று நினைக்கக்கூடாது என்று நேராகவே சொன்னார். அதனால் கழக அங்கத்தவர்களிடம் மாதச் சந்தா சேர்க்கிறோம், சந்தைக் கடைக்காரர்கள் சிலரும் தருகிறார்கள். பயிற்றுவிப்பாளரின் கொடுப்பனவில் பாதி இப்போது ஊர்க் காசு. ஓட்டோக் கூலிக்குத்தான் இன்னும் வழி இல்லை. உங்கள் ஊர்க் கழகங்களில் பெண்பிள்ளைகளின் போக்குவரத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று யாராவது எழுதினால், அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அதை வைத்துப் பேசுவேன்.