ஜப்பானில் பரிமாற்ற மாணவராக இருந்தவர்களே, வகுப்புக்கு வெளியே மொழி உங்களுக்கு எங்கே பிடிபட்டது?

மொச்சிக்காரி (கியோட்டோ):

ஜப்பானிய மொழியும் பண்பாடும் படிக்கிற வெளிநாட்டு மாணவர்களுக்கென்று அந்நாட்டுக் கல்வி அமைச்சு ஓராண்டு உதவித்தொகை ஒன்று தருகிறது. 'நிக்கென்செய்' என்பார்கள். அதில்தான் வந்தேன். சென்னையிலேயே ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை முடித்திருந்ததால் கொஞ்சம் தெம்பாகவே விமானம் ஏறினேன். வினை கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்கு ஒன்றும் புதிதில்லையே. பிரெஞ்சு, போலந்துப் பிள்ளைகள் அதோடு மல்லுக்கட்டிய நாட்களில் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் பேச ஆளில்லை. வெளிநாட்டு மாணவர் விடுதியில் எல்லோருக்கும் பொதுமொழி ஆங்கிலம். அங்கே வந்துபோகிற ஜப்பானிய மாணவர்களும் ஆங்கிலம் பழகத்தான் வருகிறார்கள். நான் ஜப்பானிய மொழியில் தொடங்குவேன், அவர்கள் ஆங்கிலத்தில் முடிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களுக்கும் அதுதானே தேவை!

அப்புறம் க்யூதோ சர்க்கிளில் சேர்ந்தேன், அதாவது ஜப்பானிய வில்வித்தை பழகும் மாணவர் சங்கம். (பல்கலைக்கழக 'பு' எனப்படும் முறையான அணி வேறு. அதில் சேர்ந்தால் வாரம் முழுக்க அதுவே வாழ்க்கை. சர்க்கிள் கொஞ்சம் இளகினது.) சேர்ந்த உடனே வில்லைக் கையில் தந்துவிட மாட்டார்கள். முதலில் ரப்பர் வைத்த பயிற்சி வில். பிறகு 'மகிவாரா' என்ற வைக்கோல் உருளைக்கு முன்னால் நின்று கிட்டத்திலிருந்து எய்ய வேண்டும். உண்மையான இலக்கு 28 மீட்டர் தள்ளி, 36 சென்டிமீட்டர் வட்டம். அதன் முன் நிற்கவே எனக்குப் பல மாதம் பிடித்தது.

அதுவரை புதியவர்களுக்கு எடுபிடி வேலைதான். தரை துடைப்பது, இலக்கு நடும் மணல்மேட்டை நனைத்துச் சீராக்குவது, கிழிந்த இலக்குக்குப் புதுக் காகிதம் ஒட்டுவது, எய்த அம்புகளை எடுத்து வருவது. என் பேச்சு திருந்தியது இந்த வேலைகளில்தான். அம்பெடுக்கப் போகும்முன் கை தட்டி உரக்கக் குரல் கொடுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்த பிறகே இலக்குப் பக்கம் இறங்கலாம். அந்த இடத்தில் யாரும் உங்களுக்காக ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருக்க மாட்டார்கள். காதில் வாங்காமல் இறங்கினால் அம்பு வரும்!

வேடிக்கை என்னவென்றால், எனக்கு 'செம்பாய்', அதாவது சீனியர், என்னைவிட வயதில் சின்னவன். இரண்டாம் ஆண்டு மாணவன். வயதைப் பார்த்தால் அவன் எனக்கு மரியாதை தர வேண்டும், சங்கத்தில் சேர்ந்த வரிசையைப் பார்த்தால் நான் அவனுக்குத் தர வேண்டும். கொஞ்ச நாள் இருவருமே மாற்றி மாற்றி மரியாதையாகப் பேசிக் குழம்பினோம். துப்புரவு முறைப்பட்டியலில் என் பெயர் ஏறிய பிறகுதான் அவன் சாதாரணமாகப் பேசத் தொடங்கினான், அதுவும் பாடப்புத்தகத்தில் இல்லாத கன்சாய் வட்டாரப் பேச்சில். 'நீங்க' என்று அழைத்தவர் ஒருநாள் 'ஏய், அந்த வாளிய எடு' என்று சொல்வது மாதிரி. எனக்கு அன்று ஒரே சந்தோஷம்.

பெப்பு வாசி:

மொச்சிக்காரி அக்கா சொல்வது சரி. நான் இருந்தது கியூஷூ தீவில், பெப்பு ஊரில். 2000இல் தொடங்கிய ரிட்சுமெய்கான் ஆசியா பசிபிக் பல்கலைக்கழகம் அங்கே மலைமேல் இருக்கிறது. மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டினர் என்பதால் மேலே இருந்தால் ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டிவிடலாம். பஸ் ஏறிக் கீழே ஊருக்குப் போனால்தான் ஜப்பான்.

ஊர் முழுக்க வெந்நீர் ஊற்று. தெருவுக்குத் தெரு பொதுக்குளியல் அறை, கட்டணமும் சொற்பம். உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். நம் பிள்ளைகள் பாதிப்பேர் இதைக் கேட்டதுமே பின்வாங்கிவிடுவார்கள். எனக்கும் முதல் தடவை வாசலில் தயக்கம்தான். உள்ளே போனால் யாரும் நம்மைப் பார்ப்பதேயில்லை. அவர்கள் பார்ப்பதெல்லாம் வேறு: தொட்டியில் இறங்கும்முன் ஒழுங்காக உடம்பைக் கழுவினானா, துண்டு தண்ணீரில் படாமல் இருக்கிறதா, குளிர்ந்த நீர்க் குழாயைத் திறக்கிறானா.

கடைசியாகச் சொன்னதுதான் பெரிய விவகாரம். பெப்புத் தண்ணீர் கொதிக்கும். வெளியூர்க்காரர்கள் குழாயைத் திறந்து ஆற்றப் பார்ப்பார்கள், பெரியவர்களுக்குப் பிடிக்காது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த தாத்தா ஒருவர், இங்கே வா என்று தண்ணீர் விழாத ஓரத்தைக் காட்டினார், அங்கே சூடு குறைவாம். அன்றிலிருந்து அவர்தான் என் வாத்தியார். எந்த நாடு, என்ன படிப்பு என்ற கேள்வியெல்லாம் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு பேஸ்பால், முட்டிவலி, ஊர்வம்பு. பல்லும் கம்மி, ஓயிதா வட்டாரப் பேச்சும் வேறு. அவர் பேசுவதைப் புரிந்துகொண்ட பிறகு தொலைக்காட்சிச் செய்தியெல்லாம் எனக்கு மிகச் சுலபம்.

தயிர்சாதம்:

நான் சைவம். இந்த ஊரில் அதை விளக்குவதே ஒரு மொழிப்பயிற்சி. இறைச்சி, மீன் சாப்பிட மாட்டேன் என்றால் புரிந்துகொள்வார்கள். ஆனால் மிசோ சூப், உடோன், காய்கறிக் கொதியல் என்று எதிலும் அடியில் இருக்கிற 'தாஷி' பெரும்பாலும் உலர்ந்த பொனிட்டோ மீன் சாறு. அது அவர்கள் கணக்கில் மீனாகவே வராது. நான் தங்கிய வீட்டு அம்மா விஷயம் புரிந்ததும் 'கொம்பு' என்ற கடற்பாசியும் காய்ந்த ஷீத்தாகே காளானும் ஊறவைத்துச் சாறு எடுக்க ஆரம்பித்தார். கோயில் சமையலில் அப்படித்தான் செய்வார்களாம். அடுப்படியில் அவரோடு நின்ற நேரத்தில் கற்ற வினைச்சொற்களை எந்தப் பாடமும் தந்ததில்லை. அவசரத்துக்கு, கடையில் ஊமெபோஷி, அதாவது உப்பில் ஊறிய புளிப்புப் பழம், வைத்த சோற்றுருண்டை. அதிலும் லேபிளைப் படித்துவிடுங்கள்.

நைட் ஷிஃப்ட்:

எல்லோரும் இனிமையாக எழுதுகிறீர்கள். என் கதை கொம்பினி, 24 மணி நேரக் கடை. மாணவர் விசாவில் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும், முதல்முறை இறங்கும்போது விமான நிலையத்திலேயே கேட்டு வாங்கிவிடலாம். பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான், மீறினால் விசாவுக்கே ஆபத்து.

பை வேண்டுமா, சுடவைக்கவா என்ற மரியாதை வசனங்களை இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். திண்டாட்டம் அதற்குப் பிறகுதான். ஒருவர் மின்கட்டணச் சீட்டை நீட்டுவார், அடுத்தவர் கோல்ஃப் மட்டையைக் கூரியரில் அனுப்பச் சொல்வார். சிகரெட் அலமாரியில் எண் ஒட்டியிருக்கும், ஆனால் பெரியவர்கள் எண் சொல்ல மாட்டார்கள். 2013இல் மெவியஸ் என்று பெயர் மாறிய மைல்ட் செவனை இன்னும் பழைய செல்லப்பெயரில்தான் கேட்பார்கள். பின்னால் வரிசை நிற்கும். மேலாளர் எனக்காகப் பொறுமை காத்தவரும் இல்லை. பிடிக்காத வேலைதான், ஆனால் ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது என்பதால் என் சான்றிதழ் மறைத்துவைத்திருந்த ஓட்டையெல்லாம் அந்தக் கல்லாவில் வெளியே வந்தது, அங்கேயே அடைபட்டது.

தயிர்சாதம்:

மொச்சிக்காரி அக்கா, செப்டம்பர் கடைசியில் என் தங்கை வருகிறாள். சர்க்கிளில் அப்போது சேர்த்துக்கொள்வார்களா?

மொச்சிக்காரி:

ஆள் சேர்க்கும் திருவிழா ஏப்ரலில்தான், கல்வியாண்டு அப்போதுதானே தொடங்குகிறது. இலையுதிர் காலத்தில் வருபவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள், நாமே போய்க் கதவைத் தட்ட வேண்டும். முன்கூட்டியே சர்க்கிளின் சமூக ஊடகக் கணக்குக்கு ஜப்பானிய மொழியில் இரண்டு வரி எழுதி, பயிற்சியைப் பார்க்க வரலாமா என்று மட்டும் கேட்கச் சொல். ஆங்கிலத்தில் எழுதினால் பதிலை யார் எழுதுவது என்று அவர்களுக்குள்ளேயே தள்ளிவிட்டுக்கொள்வார்கள். பிப்ரவரி, மார்ச் விடுமுறையில் பயிற்சி முகாம் இருக்கும், அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவைக்கட்டும்.